சிவப்பு செட்டும் ஒரு கீச்சொலியும்

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். பழைய டிரம்ஸ் வாங்கப் போனபோது மைக், ஹெட்போன், ரெக்கார்டர் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துப்போனேன். வாசிக்கப்போகிற அக்காவை மட்டும் அழைத்துப்போகவில்லை.

அக்காவுக்கு அலுவலகம் இருந்தது. அதோடு, மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கிற நானே சமாளித்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஒரு இசைக்குழு அவளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறது. அவள் வாசிப்பதைப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தன் டிரம்ஸை வாசிக்கக் கொடுத்துவந்த தோழி ஊர் மாறிப் போனதிலிருந்து சோபாவின் கைப்பிடியில்தான் பயிற்சி. வீட்டிலேயே பதிவு செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது நான்.

கடையில் பெரிய சிவப்பு செட் ஒன்று பளபளத்தது. ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிப் பதிவு செய்தேன். இடி மாதிரி இருந்தது. எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அக்காவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன்.

"ஏன்டி, இது டிரம்ஸ் வாசிச்சதா, இல்ல கதவைத் தட்டி, வீட்ல யாராவது இருக்கீங்களான்னு கேட்டதா?"

"சத்தம் எப்படி இருக்கு, அதைச் சொல்லுக்கா."

"கடை எவ்ளோ பெருசு?"

"குடோன் மாதிரி."

"நம்ம ரூம்?"

எங்கள் அறையில் ஒருத்தி நடக்க வேண்டுமானால் இன்னொருத்தி கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும்.

"குடத்துக்குள்ள இடியை விட்டா குடம் தாங்குமா? கிளம்பு, கடை மூடறதுக்குள்ள போயிடலாம்."

எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் சிரித்தார். "என்னம்மா, நீங்க சொன்னீங்கன்னு சிவப்பு செட்டுக்குத் துணிகூடப் போத்தி வெச்சிருக்கேன்!"

"அவ மைக்கோட வந்தாண்ணா. நான் கையோட வந்திருக்கேன்," என்றாள் அக்கா.

சிவப்பு செட்டில் அவள் வாசித்ததும் தகரக் கூரை சேர்ந்து அதிர்ந்தது. ஹெட்போனில் ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்த அடி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. நாங்கள் விழிப்பதைப் பார்த்த கடைக்காரர், மூலையில் இருந்த ஒரு சின்ன செட்டின் மேலிருந்து தன் ஹெல்மெட்டை எடுத்தார். நிறம் மங்கிய செட். அக்கா உட்கார்ந்து வாசித்தாள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நின்றது. எங்கள் அறைக்கு இதுதான் என்று எனக்கே தெரிந்தது.

ஆனால் அவள் காலால் பெடலை அழுத்தும்போதெல்லாம் ஹெட்போனில் ஒரு 'கீச்'.

பெடலைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் விட்டேன். ஸ்டூலின் திருகுகளை முறுக்கினேன். தரையில் காதை வைத்தேன்.

"தங்கச்சி டாக்டருக்குப் படிக்கிறாங்களா?" என்றார் கடைக்காரர்.

"அவ்ளோ நேரம் காதை வெச்சுப் பார்க்கிறா இல்ல? நோயாளி பொழைக்கிறதுதான் சந்தேகம்," என்றாள் அக்கா.

மறுபடி வாசித்தாள். மறுபடி கீச். அந்தக் கீச்சோடு பதிவு அனுப்பினால் இசைக்குழு அவளைச் சேர்க்குமா? இடியில் எந்தக் கீச்சும் கேட்காத சிவப்பு செட்டையே எடுத்துக்கொள்ளலாமா? காலையில் தப்பாகக் கேட்ட இதே காதை இப்போது எப்படி நம்புவது? சிவப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தாள். ஹெட்போனில் கீச்சொலியும் எழுந்தது. கீச், கீச் என்று மைக்கைத் தாண்டித் தண்ணீர்ப் பாட்டில் வரைக்கும் நடந்து போனது.

"அக்கா, ஷூவைக் கழட்டு."

"எதுக்குடி?"

"கழட்டேன்."

அலுவலகத்துக்கென்று அவள் போன வாரம் வாங்கிய புது ஷூ. வெறுங்காலோடு வாசித்தாள். எண்ணெய் வழிந்துகொண்டிருந்த பெடல் சத்தமே போடவில்லை.

"பாவம், பெடல் மேல பழியைப் போட்டீங்களே! மிச்ச எண்ணெயை ஷூவுக்கு விடட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் சின்ன செட்டின்மேல் துணியைப் போர்த்தினார்.

வரும் வழியெல்லாம் அக்கா கீச், கீச் என்று நடந்தாள். போகும்போது இருந்த அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் பின்னால் போனேன்.

"சிரி, சிரி. ஆனா இதை டைரியில எழுதின, அவ்ளோதான்."

நாளை காலை டிரம்ஸ் வண்டியில் வரும். அதற்குள் கட்டில்களை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்து, கம்பளம் விரிக்க வேண்டும். அக்காவிடம் ஷூவை வாசலிலேயே விடச் சொல்லிவிட்டு, அவள் வாசிப்பதைப் பதிவு செய்ய வேண்டும்.