ஒரே மாதிரி இரண்டு தாள்கள்

சில ஆண்கள் குடிப்பார்கள், சிலர் சீட்டாடுவார்கள். அவளுடைய வீட்டுக்காரர் லேமினேஷன் போடுவார். பழைய பொருள் கடையில் ஒரு சின்ன லேமினேஷன் மெஷினைப் பார்த்து வாங்கி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு காகிதமும் காகிதமாக இருந்ததில்லை. கல்யாணச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், பேருந்து நேர அட்டவணை, துணி துவைக்கும் மெஷினின் உத்தரவாதச் சீட்டு என்று எல்லாமே பளபளவென்று விறைத்துக்கொண்டு அலமாரியில் நின்றன. பகலெல்லாம் கிடங்கில் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது என்று அவள் கேலி செய்வாள்.

கேலிதான் செய்தாளே தவிர, தடுத்ததில்லை. அவருடைய பள்ளிச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் மழைநீர் பட்டுக் கூழாகிப்போய், கைக்கு வந்த வேலை நழுவிய கதை அவளுக்குத் தெரியும். அதனால்தான் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இருவரும் ஒரே மேடையில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து, குடியுரிமைச் சான்றிதழ் வாங்கி வந்தபோது, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் இரண்டையும் மெஷினில் விட்டு எடுத்திருந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். "இனி வெள்ளமே வந்தாலும் நாம இந்த நாட்டுக்காரங்கதான்" என்றார் அவர். அவளும் தலையாட்டினாள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு துளி மூளை அன்றைக்கு வேலை செய்யவில்லை.

அந்தத் தவறு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் நான்காம் எண் கவுன்டரில் தெரிந்தது.

கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் இரண்டு சான்றிதழ்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முத்திரை இருந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தள்ளி வைத்தாள்.

"லேமினேஷன் போட்டதை வாங்க முடியாதும்மா. முத்திரையைத் தொட்டுப் பார்க்கணும், தாளைச் சோதிக்கணும். பின்னாடி அச்சடிச்சே இருக்கு, படிக்கலையா?"

படிக்கவில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை யார் படித்தார்கள்?

"மாத்துச் சான்றிதழ் கிடைக்குமா மேடம்?" என்று கேட்டாள் அவள்.

"கிடைக்கும். ஆறு மாசம் ஆகும்."

அவள் பையைத் திறந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினாள். பிறந்த நாட்டில் இருக்கும் அவளுடைய தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடக்கிறான். உடன்பிறந்தவர்கள் நான்கு பேரில் இவளுடையது மட்டும்தான் பொருந்தியது. திங்கட்கிழமை அவள் அங்கே போய்ச் சேர வேண்டும், புதன்கிழமை அறுவை சிகிச்சை. அந்தத் தேதி போனால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம். மூன்று மாதம் தாங்க மாட்டான் என்று மருத்துவர் அவளிடம் ஃபோனில் சொல்லிவிட்டார், அவனிடம் சொல்லவில்லை.

போன மாதமே போயிருக்கலாம், பழைய பாஸ்போர்ட் அப்போது கையில் இருந்தது. தம்பிதான் தடுத்தான். "பத்து வருஷம் காத்திருந்து கிடைக்குற குடியுரிமை, அக்கா. எனக்காக விட்டுட்டு வராதே. ஒரு மாசத்துல நான் எங்கே ஓடிப்போகப் போறேன்?" என்றான். இவளும் கேட்டுக்கொண்டாள். உறுதிமொழி எடுத்த மறுநாளே பழைய பாஸ்போர்ட்டை விதிப்படி ஒப்படைத்தாயிற்று. அந்த நாட்டுக்காரியும் இல்லை, இந்த நாட்டுக்காரி என்று காட்டத் தாளும் இல்லை.

அதிகாரி அம்மாள் கடிதத்தை முழுக்கப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். பிரிச்சு எடுத்துட்டு வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எடுக்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன். தாள் சேதமில்லாம, எழுத்து, படம், முத்திரை எல்லாம் முழுசா இருந்தா மேலதிகாரிகிட்டே பேசிப் பார்க்கலாம். கிழிஞ்சு வந்தா, ஆறு மாசத்தைக் குறைக்க என்னால முடியாது. நாளைக்குப் பத்தரைக்கு உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்."

படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் அவள் வெடித்தாள்.

"உங்க கை கொஞ்ச நேரம் சும்மா இருக்காதா? என் தம்பி உசுரையும் சேர்த்து அந்த மெஷின்ல விட்டுட்டீங்களே!"

 அவர் நடைபாதையில் நின்று, மூக்கை உறிஞ்சி, கைக்குட்டை தேடுவதுபோல் பையில் துழாவினார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுடைய கோபம் பாதி வடிந்தது. மீதிப் பாதி அவளை யோசிக்க வைத்தது. அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷமாக இஸ்திரி போடுகிறவள். எந்தத் துணி எந்தச் சூட்டில் இளகும், எது சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். பிளாஸ்டிக் சூட்டில் ஒட்டியது, சூட்டில்தான் விட வேண்டும். வீட்டு இஸ்திரிப்பெட்டியில் சூட்டுக்கு மூன்று புள்ளிதான் உண்டு. சலவைக்கூடத்துப் பெட்டியில் சூட்டை எண்ணாகவே வைக்கலாம்.

மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் சாப்பிடப் போற அரை மணி நேரம். உன் வீட்டுக்காரரை உள்ளே விட்டதை நான் பார்க்கலை. அதுக்கு மேலே ஒரு நிமிஷம் ஆனாலும் பார்த்துடுவேன்."

ஒரு மணிக்குக் கூடம் காலியானது. பெரிய உலர்த்தி ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோர மேசையில் சுத்தமான தலையணை உறை ஒன்றை விரித்து, அவள் இஸ்திரிப்பெட்டியைச் செருகினாள். அவர் வீட்டுக்குப் போய்க் கொண்டுவந்திருந்த துணி மெஷினின் உத்தரவாதச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"முதல்ல இதுல பார்க்கலாம்."

மேலே ஒரு துணியைப் போட்டு, நூற்றிருபது டிகிரியில் ஐந்து விநாடி ஒற்றி எடுத்தாள். ஓரத்தை நகத்தால் கிள்ளினாள். பிளாஸ்டிக் வாழைப்பழத் தோல்போல உரிந்து வந்தது. அடியில் தாள் முழுசாக இருந்தது.

"வந்துடுச்சு!" என்று அவர் குதித்தார். "எடு, உன்னதை எடு!"

அவள் எடுக்கவில்லை. உத்தரவாதச் சீட்டின் தாளை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தன் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தடித்த தாள், உள்ளே இழை ஓடியது, எழுத்து மேடாக நின்றது. பட்டும் பருத்தியும் ஒரே சூட்டுக்கு அடங்குமா?

"இது வேறே தாளுங்க. இதுல வந்ததுன்னு அதுல வரும்னு சொல்ல முடியாது. ஒரு தடவை தப்பினா அவ்வளவுதான்."

கடிகாரம் மணி ஒன்று ஏழு என்று காட்டியது.  அவர் பையிலிருந்து தன்னுடைய சான்றிதழை எடுத்து, தலையணை உறையின்மேல் வைத்தார்.

"இதுல பாரு."

அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆனது.

"பையில வைங்க அதை."

"நம்ம வீட்டுல இந்தத் தாள் ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு உனக்கு வேணும்."

"அப்புறம் நீங்க எப்படி வருவீங்க?"

அவர் வருவதாகத்தான் ஏற்பாடு. ஊசியைக் கண்டாலே மயங்குகிற பெண் அவள். மயக்க மருந்து கொடுத்தால் திரும்பி எழுந்திருக்க மாட்டோம் என்று ஒரு பயம் அவளுக்கு மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. "நான் அந்தக் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருப்பேன், நீ கண்ணைத் திறக்கறப்போ என் மூஞ்சிதான் முதல்ல தெரியும்" என்று அவர் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அவள் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

"நீங்க இல்லாம நான் எப்படிங்க அங்கே போய்ப் படுப்பேன்?" என்றாள். 

"உன் தம்பிக்கு என் சிறுநீரகமா பொருந்துச்சு?" என்றார் அவர். "போடு. நேரம் ஆகுது."

அவள் பெட்டியைத் தொடவில்லை. அவரே இஸ்திரிப்பெட்டியை எடுக்கப் போனார். தட்டிவிட்டாள். அவர் கையில் விட்டால் இரண்டும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவருடைய சான்றிதழின் மேல் ஓரத்தில் நூற்றிருபதில் ஒற்றினாள். பிளாஸ்டிக் விட்டது. ஆனால் நாட்டின் பெயரும் அவர் பெயரும் தாளை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி எழுந்து வந்தன. அவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

"பரவாயில்லை. சூடு ஜாஸ்தி. குறை" என்றார் அவர், யாருடைய தாளோ போவதுபோல.

எண்பதில் வைத்து அடுத்த பகுதியை எடுத்தாள். இப்போது பசை இளகவில்லை. தாளின் தோல் கிழிந்து, அவருடைய படத்தின் பாதியும் சேர்ந்து வந்தது. ஒரு கண்ணும் நெற்றியும் மட்டும் தாளில் மிஞ்சின. மேற்கொண்டு பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற. இன்னும் பாதித் தாள் இருக்கு."

நூற்றில் வைத்தாள். இந்த முறை மேலே தூக்காமல், பிளாஸ்டிக்கை மேசையோடு மேசையாக மடித்துப் பின்பக்கமாக, மெதுவாக இழுத்தாள். பட்டுத் துணியில் ஒட்டிய விலைச்சீட்டை அவள் அப்படித்தான் எடுப்பாள். அரை விரல் அகலம் விட்டது. எழுத்து அசையவில்லை. மறுபடி ஒற்றினாள், இன்னும் அரை விரல். கீழே இருந்த அதிகாரியின் கையெழுத்து அப்படியே நின்றது. முத்திரை மேடு தட்டாமல் எழுந்து நின்றது. அவர் கையெழுத்துப் போட்டிருந்த இடமும் முழுசாக வந்தது. தலையும் முகமும் போய், கையெழுத்தும் முத்திரையும் மட்டும் மிஞ்சிய ஒரு தாள்.

"நூறு" என்றார் அவர். "இப்போ உன்னது."

ஒன்று பதினெட்டு. அவள் தன்னுடைய தாளை வைத்தாள்.  ஒற்றுவாள், எண்ணுவாள், அரை விரல் இழுப்பாள். படத்துக்கு வந்தபோது மூச்சை நிறுத்திக்கொண்டாள். காதோரத்தில் பிளாஸ்டிக் பிடித்தது. இழுக்காமல் விட்டாள், மறுபடி ஒற்றினாள், காத்திருந்தாள். காது வந்தது. கழுத்து வந்தது. அவள் நெற்றியில் வழிந்த வியர்வை தாளில் விழாமல் அவர் தன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே நின்றார். ஒன்று இருபத்தொன்பதுக்கு அவளுடைய தாள் இரண்டு பக்கமும் வெறும் தாளாக மேசையில் கிடந்தது. மூலையில் லேசாக ஒரு நெளிவு. வேறொன்றும் இல்லை.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த அவருடைய தாளைப் பொறுக்கி எடுத்து, பாதி முகத்தைப் பார்த்து, ஓவென்று அழுதாள். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் மூடிக்கொண்டு போனார்.

மறுநாள் பத்தரைக்கு அதே கவுன்டர். அதிகாரி அம்மாள் சான்றிதழைச் சாய்த்துப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், ஊதா விளக்கின்கீழ் வைத்தாள். மூலையில் இருந்த நெளிவில் அவள் விரல் நின்றது.

"யார் எடுத்தது?"

பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. "நான்தான் மேடம்."

அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினொரு நிமிஷம். அந்தப் பதினொரு நிமிஷமும் அவள் நெருப்பின்மேல் நின்றாள். வீட்டுக்காரர் பின்னால் நின்று அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த அதிகாரி உட்கார்ந்து, ஒரு முத்திரையை எடுத்து விண்ணப்பத்தின்மேல் குத்தினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்குங்க. சார் விண்ணப்பம் எங்கே? நேத்து ரெண்டு இருந்ததே?"

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க மேடம். ஆறு மாசத்துல வாங்கிக்குறேன்" என்றார் அவர்.

அதிகாரி அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். எதையோ கேட்க வந்து, கேட்காமல் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டினாள்.

"இதைக் காலியா விட்டிருக்கீங்க. அங்கே உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தகவல் சொல்றதுன்னு எழுதணும். உங்களோட பயணம் செய்யாத ஆளா இருக்கணும்."

இருவரும் சேர்ந்து போவதாக இருந்தபோது அந்தக் கட்டத்தில் எழுத அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் அவளுக்கு அவரை விட்டால் யாரும் இல்லை, அவருக்கும் அப்படியே. அதனால்தான் அதைக் காலியாக விட்டிருந்தார்கள்.

அவள் பேனாவை வாங்கி அவருடைய பெயரை எழுதினாள். ஃபோன் எண்ணை எழுதினாள். உறவு என்று கேட்ட இடத்தில் கணவர் என்று எழுதினாள்.

"இந்த நம்பர்ல எந்த நேரமும் எடுப்பாரா?" என்று கேட்டாள் அதிகாரி.

 பின்னாலிருந்து அவர்தான் சொன்னார்.

"எடுப்பேங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.