அடுப்பை வெளியே வைத்த வீடு

மாமியாரும் மருமகளும் ஒன்றாகச் சேர்ந்து மகனை விட்டுப் போனார்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்? கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெண்டாட்டி மட்டும் போயிருந்தால் அவன் எப்படியாவது சமாளித்திருப்பான். அவளுக்குத் திமிர், கொழுப்பு என்று நாலு பேரிடம் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். பெற்ற தாயும் கூடவே கிளம்பிப் போனதைத்தான் எப்படிச் சொல்லி மழுப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மருமகளுக்கு லாரிப் பட்டறையில் எலெக்ட்ரீஷியன் வேலை. விளக்கு, ஒயரிங், டிரைவர் தூங்கும் கேபினைச் சூடாக்கும் டீசல் ஹீட்டர், எல்லாம் அவள் பொறுப்பு. "உன் பொண்டாட்டி லாரிக்கு அடியில கால் நீட்டிப் படுத்திருக்கா" என்று எவனோ ஒரு வேலையற்றவன் கேலி பேச, இவனுக்கு மானம் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து அவளுடைய டூல்ஸ் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தான். ஸ்பேனர்கள் சாக்கடை வரை உருண்டன. அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கையும் பொறுக்கியது. அது அவள் அத்தையின் கை, அதாவது அவனைப் பெற்றவளின் கை. கடைசி ஸ்க்ரூவரை பொறுக்கி முடித்த அத்தை பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, "நட, போலாம்" என்றாள்.

"எங்க அத்தை?"

"எங்கயாவது. இவன் மூஞ்சி இல்லாத இடத்துக்கு."

அத்தைக்கும் உள்ளே ஒன்று வெந்துகொண்டுதான் இருந்தது. அவளுடைய தையல் மெஷினை, சத்தம் தலைவலி என்று சொல்லி அவன் பரணில் ஏற்றி வருஷக்கணக்காகிறது. கிளம்பின மறுநாளே போய் அதை இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் வாசலை மறித்து நின்றானாம். "நகருடா" என்று ஒரே வார்த்தை சொன்னதாக அத்தை பின்னால் சொன்னாள்.

பட்டறைக்காரர் பழைய டயர் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன், ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். "உள்ள நெருப்பு மட்டும் மூட்டாதீங்கம்மா. தரையெல்லாம் ஆயில் ஊறிக் கிடக்கு. ஒரு பொறி போதும்." சரி என்றார்கள். அத்தை அங்கே உட்கார்ந்து லாரித் தார்ப்பாய்களும் சந்தைக் கடைகளுக்குக் கூடாரங்களும் தைத்தாள். சந்தை கூடும் நாளில் இரண்டு பேருமே ஒரு கூடாரம் போட்டு விற்கவும் செய்தார்கள். வெயில் காலம் போயிற்று, மழையும் போயிற்று. தகரத்தில் கை வைத்தால் சுருக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டிய குளிர் வந்தது.

அவன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். "குளிரட்டும், ரெண்டு பேரும் தானா வருவாங்க. வரும்போது அந்த டூல்ஸ் பெட்டி என் வாசப்படி ஏறக் கூடாது. மெஷின் பரணுக்குப் போயிடணும்."

அப்படியானால் இந்தக் குளிரைக் கொட்டகையில் தாண்டியாக வேண்டும். தாண்டினால் பெட்டியும் மெஷினும் அவர்களுடையவை. தாண்ட முடியாவிட்டால் அவன் சொன்னதுதான் சட்டம். மருமகளுக்கு ராத்திரி பல் கிட்டிப்போனபோதெல்லாம் இது ஒன்றுதான் நினைவுக்கு வந்து, ஆத்திரத்திலேயே கொஞ்சம் சூடேறும்.

கவிழ்ந்துபோன லாரி ஒன்றைப் பட்டறைக்காரர் உடைத்துக்கொண்டிருந்தார். அதன் கேபின் ஹீட்டரை அவரிடம் கேட்டு வாங்கினாள். தகரத்தை வளைத்து, கைப்பிடி போட்டு, ஒரு ஆள் தூக்கக்கூடிய பெட்டியாக்கினாள். சந்தைக் கூடாரத்துக்கும் ஆகும், நாளைக்கு இங்கிருந்தும் கிளம்பச் சொன்னால் கூடவே வரும். டீசல் டேங்க்கைத் தனி அறையாகத் தடுத்து, சூடு படாத மூலையில் வைத்தாள். புகைக்குழாய்க்கு நெருப்புத் தாங்கும் துணி சுற்றி, மூட்டுக்கு மூட்டு கிளாம்ப் போட்டு, உள்ளே தண்ணீர் தேங்காதபடி சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தாள். காற்றை இழுக்கும் வாய் ஒரு கோடியில், புகை போகும் வாய் மறு கோடியில். இழுக்கும் வாய் அந்தப் புகையை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. பெட்டி இருந்தது கொட்டகைக்கு வெளியே, சின்னக் கூரைக்குக் கீழே. சூடான காற்று மட்டும் தடித்த குழாய் வழியாகச் சுவர் ஓட்டைக்குள் நுழைந்து உள்ளே வந்தது.

அத்தைக்கு இது பிடிபடவே இல்லை.

"வீடு சூடாகணும்னு அடுப்பைத் தெருவுல வைக்கிறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"அடுப்பு உள்ள இருந்தா புகையும் உள்ளதான் இருக்கும் அத்தை. டீசல் சரியா எரியலன்னா ஒரு விஷக்காத்து வரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூங்கறவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க."

"தெரியாதது வந்தா எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் இது" என்று மருமகள் ஒரு வெள்ளை டப்பாவைத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டினாள். விஷக்காற்று பட்டால் கத்தும் மணி. பித்தானை அமுக்கிக் காட்டினாள். அது போட்ட சத்தத்தில் அத்தை ஊசியைக் கை தவற விட்டு, பிறகு கொஞ்ச நேரம் தேடித் திட்டினாள்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, பெட்டி ஓடத் தொடங்கிய அன்றே கொட்டகை வீடாகிவிட்டது. டீசல் பம்ப் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அத்தையின் விரல்கள் மறுபடி வளைந்தன. அணைக்கும்போது ஒயரைப் பிடுங்கக் கூடாது, சுவிட்சைத் தட்டிவிட்டு, விசிறி சுற்றிப் பெட்டி ஆறும்வரை விட வேண்டும் என்பதைக்கூடக் கற்றுக்கொண்டாள். ஒன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளியே போகும்போதெல்லாம் புகைக்குழாய் முன்னால் கையை நீட்டிப் பார்ப்பாள். "எவ்வளவு சூடு. வீணா ஊருக்குப் போகுதே" என்று முணுமுணுப்பாள். "அதுகிட்ட எதையும் வெச்சுடாதீங்க அத்தை" என்று மருமகள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். வாழ்நாள் முழுக்க ஒரு நூல் துண்டைக்கூட எறியாதவள், என்ன செய்வாள்?

வாளித் தண்ணீர் உறைந்துபோன ஒரு காலையில் அவன் வந்தான். கையில் இரண்டு போர்வைகள். வெளியே காரை அணைக்காமலே விட்டிருந்தான். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போக அதிக நேரம் ஆகாது என்ற நினைப்பு. அத்தை குளிக்கப் போகிறேன் என்று பின்பக்கம் போயிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மருமகளிடம் ஆரம்பித்தான்.

"போதும், விளையாட்டு. நான் பெரிய மனசு பண்ணித்தான் வந்திருக்கேன். நாலு பேர் என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியுமா? என் அம்மாவைக் கொட்டகையில போட்டு..."

மணி கத்தியது.

"யாரு போன் அது? எடுத்துத் தொலை."

அவள் அவன் சட்டையைப் பிடித்து எழுப்பி, "வெளிய போங்க" என்று வாசலுக்குத் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை யாரும் தள்ளியதில்லை. அதனால் எதிர்க்கக்கூடத் தோன்றாமல் போனான். கதவை அகலத் திறந்தாள். மூடிக்கொள்ளாமலிருக்க டூல்ஸ் பெட்டியை முட்டுக் கொடுத்தாள். "அத்தை, உள்ள வராதீங்க" என்று கத்திக்கொண்டே கொட்டகையைச் சுற்றி ஓடினாள்.

ஹீட்டரை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். புகைக்குழாயைச் சுற்றி மூன்று பக்கமும் செங்கல். மேலே தண்ணீர்ப் பானை. காற்று அடிக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு தகரம் வேறு சாத்தியிருந்தது. வெளியே போக வழியில்லாத புகை தகரத்தோடு ஊர்ந்து, மறு கோடியில் காற்றை இழுக்கும் வாய்க்கே போய்ச் சேர்ந்திருந்தது. வெளியே போக வேண்டியதைப் பெட்டி தானே உறிஞ்சி உள்ளே ஊதிக்கொண்டிருந்தது.

தோளில் துண்டோடு அத்தை நின்றாள்.

"குளிக்கக் கொஞ்சம் வெந்நி..." என்றாள்.

அப்படி ஒரு கோபம் அத்தையின் மேல் மருமகளுக்கு அதுவரை வந்ததில்லை. "ரெண்டு பேரும் செத்திருப்போம் அத்தை. புரியுதா உங்களுக்கு? செத்திருப்போம்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவனுக்கு இது போதுமே. தெம்பு திரும்பி, போர்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான்.

"இதுக்குத்தான் சொன்னேன். பொம்பளை செஞ்ச பெட்டி, கொல்லத்தான் செய்யும். கிளம்புங்க. இனி ஒரு நிமிஷம் என் அம்மா இங்க இருக்க மாட்டாங்க."

ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், மருமகளுக்கு இவன் சொல்வது சரியோ என்றுகூடத் தோன்றியது. இன்றைக்குத் தப்பித்தோம், நாளைக்கு?

அத்தை பானையை இறக்கிக் கீழே வைத்தாள். செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வேலியோரம் வீசினாள். தகரத்தையும் வீசினாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"பானையை வெச்சது நான். அவ வேண்டாம்னு படிச்சுப் படிச்சு சொன்னா, என் புத்திக்கு ஏறல. அவ செஞ்ச பெட்டி எங்களைக் கொல்லலடா. அவ மாட்டின மணி கத்திச்சு, நாங்க வெளிய வந்தோம்." மூச்சு வாங்கினாள். "உன் வீட்டுல நான் இத்தனை வருஷம் மூச்சு முட்டிக் கிடந்தேன். அங்க எதுவும் கத்தல."

தெருவில் கார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று காத்திருந்தாள். மணி ஓய்ந்த பிறகும் நன்றாகக் காற்றாட விட்டாள். அப்புறம் கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இறுக்க வேண்டியதை இறுக்கினாள். பட்டறையிலிருந்து ஒரு துண்டுக் கம்பிவலையைக் கொண்டுவந்து, இனி பானை, துணி, எதுவும் கிட்டே அண்டாதபடி புகைக்குழாயின் வாயைச் சுற்றித் தள்ளி நட்டாள். எல்லாம் அவன் கண்முன்னால்தான். சுவிட்சைத் தட்டினாள். டிக் டிக்கென்று பம்ப் அடிக்கத் தொடங்கியது.

"மறுபடி அதையேவா பத்த வைக்கிற?" என்றான்.

"ஆமா."

"பயமா இல்ல?"

"இருக்கு. அதனாலதான் மணி மாட்டியிருக்கேன்."

அவன் கேட்டை நோக்கி நடந்தான். பாதி தூரம் போனதும் அத்தை கூப்பிட்டாள். அவன் ஏதோ நம்பிக்கையோடு திரும்பினான்.

"அந்தப் போர்வையை வெச்சுட்டுப் போ. ஓரம் தைச்சது நான்."

வேலியில் போட்டுவிட்டுப் போனான். அத்தை அன்று வாளியில் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்துப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தாள். ஒவ்வொரு சொம்புக்கும் அவள் போட்ட கூச்சல் பட்டறை வரை கேட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தவள் மெஷினில் உட்காரவில்லை. முதலில் எட்டி, மணியின் பித்தானை அமுக்கிப் பார்த்தாள்.