நேர் சத்தம்

என்னையத் திட்டோணும்னா திட்டிக்குங்க, வாங்கிக்கறேன். ஆனா என்ற அக்கா பொய் சொல்லுதுன்னு எவனாச்சும் சொன்னான்னா பல்லைப் பேத்துருவேன்.

அக்கா பேரு நிர்மலா. ரெண்டு பேரும் திருப்பூர்ல ஒரே கம்பெனிங்க. நான் எலெக்ட்ரீசியன், அக்கா காம்பாக்டிங் மிஷின்ல துணி விடும். பனியன் துணியைச் சூடான உருளைக்கு நடுவுல அமுக்கி அனுப்பற மிஷின் அது. மெதுவாத்தான் ஓடும். அன்னைக்கு மத்தியானம், சேலைக்கு மேல போட்டிருந்த சட்டையோட கைநுனி துணியோட சேர்ந்து உள்ள போயிருச்சு. "நிறுத்து, நிறுத்து"ன்னு மூணு தடவை கத்துனேன்னு அக்கா சொல்லுது. மிஷினோட அந்தக் கடைசில சுவிட்சுக்கிட்ட வேலைக்கு நின்ன பூபாலன், "அந்தக்கா தானாத்தான் கையை உட்டுச்சுங்க, மிஷினை நான் நிறுத்துனதுக்கப்புறம்தான் கத்துச்சு"ங்கறான். போன்ல பேசிக்கிட்டிருந்த பய. வலது கையில நாலு விரல் போச்சு. கம்பெனி பூபாலன் பேச்சைத்தான் நம்புச்சு.

"கவனமில்லாத பொம்பளைன்னு எழுதிட்டாங்கல்ல தம்பி, அதை மட்டும் அழிக்கோணும்"னு ஆஸ்பத்திரில அக்கா அழுதுச்சு.

நான் உடனே சொன்னேன், "அழுவாத. என்கிட்ட ரெக்கார்டு இருக்குது."

எனக்கு ஒரு கிறுக்கு உண்டுங்க. மாடுலர் சிந்தசைசர். டப்பா டப்பாவா சர்க்யூட் கட்டி, வயரை மாத்தி மாத்திச் சொருகிச் சத்தம் பண்ற சமாச்சாரம். அதுக்காக அக்கா மிஷினுக்கு மேல ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, வயரை என்ற கரண்ட் பேனல் ரூமுக்கு இழுத்திருந்தேன். வர்ற சத்தத்தை ரெண்டு ரெண்டு செகண்டா வெட்டி, பின்னாலிருந்து முன்னால திருப்பிப் போடும் ஒரு டப்பா, ரிவர்ஸ் டிலே. திருப்புனதை மறுபடி அதுக்குள்ளயே ஊட்டறது ஃபீட்பேக். ஒரு தட்டுத் தட்டுனா முப்பது தட்டாக் கேக்கும், அதுல பாதி தலைகீழா.

டப்பாவுக்குள்ள போகாத நேர் சத்தத்தையும் தனியாப் பதிஞ்சு வெச்சிருக்கோணும். மிஷின் சத்தத்தைத்தான் நாளெல்லாம் கேக்கறோமே, அது என்னத்துக்குன்னு டப்பாவுல இருந்து வெளிய வர்றதை மட்டும் பதிஞ்சேன். திமிரு. வேறென்ன?

ரெண்டு நாள் மல்லுக்கட்டுனேன். ஃபைலைத் திருப்பிப் போட்டா, நேரா இருந்தது தலைகீழாகுது, தலைகீழா இருந்தது நேராகுது. அக்காவோட கத்தலும் மிஷின் நிக்கற 'டொக்'கும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, எது முன்னால எது பின்னாலன்னு ஒரு எழவும் தெரியல.

இருந்தாலும் லேபர் ஆபீஸ்ல போட்டுக் காட்டுனோம். கம்பெனி வக்கீல் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சார். "எண்ணிப் பார்த்தேனுங்க சார். முப்பத்தோரு தடவை கத்தறாங்க. இந்தம்மா மூணுங்கறாங்க. இது தம்பி பண்ணுன மியூசிக்குங்க."

"இதுல அசல் எதுங்க தம்பி?"ன்னு ஆபீசர் தன்மையாத்தான் கேட்டார்.

"தெரியலீங்க சார்."

அவ்வளவுதான், முடிஞ்சுது. தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கறதுன்னு சொல்லுவாங்க. நான் அக்கா தலையில போட்டேன்.

திரும்பி வர்றப்ப, தாராபுரம் பஸ்சுல, அக்கா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கேட்டுச்சு.

"தம்பி, இதைப் பதியறப்ப நீ காதுல ஹெட்போன் மாட்டியிருந்தியா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் கத்துனது உனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சு. தலைகீழா வந்துச்சா... நீன்னு தெரியலக்கா. மனுசக் குரலுன்னே தெரியல."

"மிஷினோட மெயின் சுவிட்ச் உன்ற ரூம்லதான இருக்குது?"

"ஆமா. கைக்கெட்டற தூரத்துல."

"என்ன பண்ணிட்டிருந்த?"

பொய் சொல்லியிருக்கலாமுங்க. வாயில வரல.

"நல்லா இருக்குதேன்னு... ஃபீட்பேக்கை இன்னும் ஏத்துனேன்க்கா."

அக்கா விரல் போன கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போய், முன்னால காலியா இருந்த சீட்டுல உக்காந்துக்குச்சு.