அக்காவின் இடது கன்னம்

"என் மூஞ்சிக்கு எந்தக் கலர்டி எடுப்ப?"

அக்கா இதைக் கேட்டபோது நான் அவளை வரைவதற்காக எண்ணெய்ச் சாயக் குழாய்களைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தேன். அவளுடைய இடது கன்னத்திலிருந்து தாடைவரை தோல் வெளுத்திருக்கும். ஸ்கார்ஃபால் அதை மூடாமல் அவள் வாசலைத் தாண்டி வருடங்கள் ஆகிவிட்டன. மருந்துக்கடையில் வேலை செய்யும்போதும் அவிழ்க்கமாட்டாள்.

"எல்லாக் கலரும்தான்."

"அப்ப நான் என்ன, சோப்புக் குமிழியா?"

சிரித்தபடி ஸ்கார்ஃபைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்காக மட்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் இருக்கிறேன். புள்ளிகளாலேயே வரைந்த ஒரு முகம் அங்கே வந்தது. கிட்டத்தில் ஊதா, ஆரஞ்சு, பச்சை என்று தனித்தனிப் புள்ளிகள். கடையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் உயிருள்ள தோல். நிறங்களைத் தட்டில் குழைக்கக் கூடாது, பார்ப்பவர் கண்ணில்தான் அவை கலக்கவேண்டும் என்பது பார்க்கப் பார்க்கப் புரிந்தது. "சட்டம் போடறதுக்குள்ள பாத்தே தேச்சுடாதம்மா" என்றார் முதலாளி.

அதேபோலப் புள்ளிபுள்ளியாக அக்காவின் நெற்றி வந்தது, மூக்கு வந்தது, வலது கன்னமும் வந்துவிட்டது. இடது கன்னத்தில் மாட்டிக்கொண்டேன். வெளுத்த இடத்துக்கு வெள்ளைப் புள்ளிகளை மட்டும் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் முகத்தில் சுண்ணாம்பை அப்பியதுபோல் இருந்தது. பதறிப்போய், வெள்ளை காயுமுன்பே இடையிடையே நீலமும் ஆரஞ்சும் வைத்தேன். எண்ணெய்ச் சாயம் காய நாள்கணக்கில் ஆகும். ஈரத்தோடு ஈரம் பட்டு எல்லாம் சேறாகிவிட்டது. கத்தியால் அந்த இடத்தையே சுரண்டி எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள்.

"எடுத்துட்டியா?"

"சரியா வரலக்கா."

"எனக்கே சரியா வரலியே."

இந்தமுறை சிரிக்கவில்லை. அதன்பிறகு ஜன்னலோரம் உட்காரவேயில்லை. வீட்டுக்குள்ளும் ஸ்கார்ஃபைக் கழற்றவில்லை.

அம்மா சொன்னாள்: "சுரண்டினது நல்லதாப் போச்சு. வலது கன்னம் மாதிரியே இதையும் போட்டுடு. ஹால்ல மாட்டினா நாலு பேர் பாப்பாங்க. படத்துலயாவது எம்பொண்ணு நல்லா இருக்கட்டுமே."

எனக்கு எதிர்த்துப் பேச வராது. தூரிகையைத் துடைத்தபடி தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன்.

"வாயத் திறந்துதான் சொல்லேன்டி!"

அடுத்த தூரிகையை எடுத்துத் துடைத்தேன்.

அக்கா சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஸ்கார்ஃப் நழுவும் நேரங்களில் அந்த இடம் வெள்ளையாகவே இல்லை. உதட்டருகே இளஞ்சிவப்பு, ஜன்னல் பக்கம் மஞ்சள், தாடைக்குக் கீழே மங்கலான நீலம். ஒரு நிறத்தை வைத்துக் காயவிட்டு, பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். இரண்டு கன்னத்துக்கும் அதே குழாய்கள்தான். எது அதிகம், எது குறைவு என்பது மட்டும் மாறியது. இரண்டு தோலும் சந்திக்கும் இடத்தில் கோடு போட எனக்கு வழியே இருக்கவில்லை.

முடிந்த அன்று காலையில் படத்தை நடையின் கோடியில் சுவரோரம் சாய்த்துவைத்தேன். அம்மா குனிந்து மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தாள்.

"என்னடி இது, கொசு கடிச்ச மாதிரி!"

அவள் கையைப் பிடித்துச் சமையலறை வாசல்வரை இழுத்துவந்து திருப்பி நிறுத்தினேன். அம்மா கண்களை இடுக்கிப் பார்த்தாள்.

"மறைக்கவேயில்லையே நீ" என்றாள், தாழ்ந்த குரலில். "அவ பாத்தா தாங்குவாளா?"

அதற்குள் அக்கா வேலைக்குக் கிளம்பி அறையிலிருந்து வந்துவிட்டாள். வாசல் கதவருகே மாட்டியிருந்த கண்ணாடிமுன் நின்று ஸ்கார்ஃபைத் தலைமேல் போட்டாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால், தூரத்தில், படம் தெரிந்திருக்கவேண்டும். முடிச்சுப் போட வந்த விரல்கள் நின்றன. திரும்பினாள். நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். கிட்டே வரவில்லை. அவள் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் மணிக்கட்டை அழுத்தினேன்.

அக்கா ஸ்கார்ஃபை உருவி எடுத்தாள். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள்.