சதுரமாக வந்த கடல்

மகள் அலுவலகத்தில் கடலை ஓட்டும்போதெல்லாம் அப்பன் வீட்டுக்குள் மட்டும் முழங்காலளவு உப்புத் தண்ணீர் நின்றது. ஓட்டம் முடிந்தால் வடிந்துவிடும். பக்கத்து வீட்டுத் தரை காய்ந்தே கிடந்தது.

அப்பன் படகு மெக்கானிக். தெருவில் அவருக்குப் பெயர் சந்தேகம். கடிகாரம் மணி காட்டினாலும் வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்துதான் நம்புவார். மகள் துறைமுக அலுவலகத்தின் மாடியில், கம்ப்யூட்டருக்குள், அலையும் நீரோட்டமுமாக ஒரு கடலை வைத்திருந்தாள். எங்கே கல்சுவர் கட்டினால் எந்தக் கரை அரிக்கும் என்று அதில் பார்த்துவிட்டுத்தான் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். படகுகள் ஒதுங்கத் தெற்கே ஒரு சுவர் வேண்டுமென்று தெருவே ஒற்றைக்காலில் நின்றது. சந்தேகமும் நின்றார். சுவர் வந்தால் படகு வரும், படகு வந்தால் பழுது வரும்.

“கடலை ஓட்டிப் பார்த்தோம்ப்பா. தெற்கே சுவர் வந்தா அஞ்சாறு வருஷத்துல நம்ம தெருவே இருக்காது” என்றாள் மகள்.

“கடலை ஓட்டுறியா, என்னை ஓட்டுறியா?”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக வரவில்லை, தரையிலிருந்து எழுந்து நின்றது. சோப்புக் கட்டியை வெட்டினாற்போல் ஓரம் நேராக, மூலைகள் கூராக. மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “பொண்ணு வேலையை ஆரம்பிச்சிட்டா போல” என்று மெத்தையை மேஜை மேல் ஏற்றினாள். சந்தேகம் விரலை நனைத்து நக்கிப் பார்த்தார். உப்புதான். அதற்குப் பிறகும் ஒரு வாரம் குழாயைத் தோண்டிப் பார்த்தார்.

மகள் வந்து விளக்கினாள். கம்ப்யூட்டருக்குள் கடலைச் சதுரம் சதுரமாக வெட்டித்தான் வைக்க முடியும். ஒரு சதுரம் முழுக்கக் கடலாக இருக்கும், இல்லையென்றால் முழுக்கத் தரை. தெற்கே சுவரைப் போட்டால் கரையோரச் சதுரம் ஒன்று கடலாகிவிடுகிறது. அது அவர்கள் வீட்டோடு முடிகிறது. “நம்ம வீடு கடல் கணக்கு, பக்கத்து வீடு தரைக் கணக்கு. கட்டத்தைப் பெரிசாப் போட்டுட்டேன்.”

பக்கத்து வீட்டு வலைக்காரர் மதில்மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “அண்ணனுக்குத் தனிக் கடலே ஒதுக்கிட்டாங்க. எங்களுக்குச் சுவர் போதும்.”

சந்தேகத்துக்குச் சுருக்கென்றது. “சின்னதா வெட்டும்மா. யார் யார் வீடு எதுல விழுதுன்னு பார்ப்போம்” என்றார்.

மகள் வெட்டினாள். அடுத்த ஓட்டத்தில் தெரு முழுக்கத் தண்ணீர், வீட்டுக்கு வீடு அளவு மட்டும் வேறு. வலைக்காரர் வீட்டில் இடுப்பளவு. மேலதிகாரி வந்தார். பேன்ட்டை மடித்தும் பயனில்லாமல் வலைக்காரர் வீட்டுக் கூடத்தில் நின்று, “இது எந்த வருஷத்துத் தண்ணி?” என்று கேட்டார்.

“ஆறாவது வருஷம், சார்” என்றாள் மகள்.

அவர் தலையாட்டிக்கொண்டார். வலைக்காரர் தன் வலைகளை மதில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். சுவர் வடக்கே போனது, படகுகளும் கூடவே போயின. சந்தேகம் இப்போது சைக்கிள் மிதித்து அங்கே போய்த்தான் இன்ஜின் பிரிக்கிறார். போகும்போது திட்டுவார், வரும்போது தெரு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

வருஷத்துக்கு ஒருமுறை தெற்குச் சுவர் போட்ட பழைய கணக்கையும் ஓட்டி ஒப்பிட வேண்டுமாம். முந்தின நாளே மகள் போன் செய்துவிடுவாள்.

“நாளைக்கு ஓட்டுறேன்ப்பா.”

“ஓட்டு, ஓட்டு. மெத்தையை ஏத்தியாச்சு.”

தண்ணீர் வந்ததும் விரலை நனைத்து நக்கிப் பார்ப்பார்.