பிரபல ரவுடி

ரவுடியாவதற்கு ஒரு துப்பு வேண்டாமா? சின்னராஜுக்கு அதெல்லாம் ஏது! பொம்மிடியில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் பஞ்சர் ஒட்டிவிட்டு, கிரீஸ் கையோடு வூட்டுக்கு வந்து, சோற்றைத் தின்று தூங்குகிற பையன். மாதா கோயில் தேர்த்திருவிழாவில், பேண்டு செட்டுக்கு முன்னால் யார் ஆடுவது என்று இரண்டு தெருவுக்கும் அடிதடி. விலக்கிவிடப் போனவனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது போலீஸ். மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்தது: 'பிரபல ரவுடி சின்னராஜ் கைது.'

டீக்கடையில் அதை அப்பன் சவுரியப்பன் இரண்டு தடவை படித்தார். ரவுடியாம், அதுவும் பிரபலமாம்! அடப்பாவிங்களா! மத்தியானமே ஒர்க்‌ஷாப் முதலாளி நஞ்சப்பன் போன் பண்ணிவிட்டார். "தங்கமான பையன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா வண்டி விட வர்றவங்க பேப்பரைக் காட்டிக் கேக்கறாங்க. இனிமே இங்க அனுப்பாதீங்க."

கேஸை வக்கீல் பார்த்துக்கொள்வார். அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டால் மகனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று சவுரியப்பன் நம்பினார். பஸ் ஏறி அரூருக்குப் போய், செய்தி எழுதிய மதியழகனைத் தேடிப் பிடித்தார்.

"சார், எம்பையனை எங்க தெரு நாய்க்குக்கூடச் சரியாத் தெரியாதுங்க. அவன் எப்பிடிங்க பிரபலம்?"

மதியழகன் கெட்ட மனுஷர் இல்லை. சேரை இழுத்துப் போட்டு டீ சொன்னார். "ரவுடிங்கறது போலீஸ் குடுத்த பேருங்க. முன்னால ‘பிரபல’ போடறது எங்க வழக்கம். டாக்டர்னா பிரபல டாக்டர், ஜவுளிக்கடைன்னா பிரபல ஜவுளிக்கடை. வெறும் ரவுடின்னா யாருங்க படிப்பாங்க?"

"அதுக்கு என்னாங்க அர்த்தம்?"

"ஊரெல்லாம் தெரிஞ்சவன்னு."

"இவனை யாருக்குங்க தெரியும்?"

மதியழகன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இப்பத் தெரியுதுங்களே," என்றார். குத்திக்காட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "மறுப்புப் போட்டா மறுபடியும் போட்டோ வரும், பேரு வரும். பார்க்காதவங்களும் பார்ப்பாங்க. போடட்டுங்களா?"

சவுரியப்பன் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து வந்தார்.

ஜாமீனில் வந்த சின்னராஜ் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "நான் ரவுடியாப்பா?" என்று தேம்பினான். "இல்லடா சாமி," என்று தலையைக் கோதினார் அப்பன். அம்மா ரோசம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் அவன் வேலை கேட்டு ஏறாத கடை இல்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், ஒருத்தரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

தமிழ்ச்செல்வன் சேர்த்துக்கொண்டான். யாருடைய நிலத்தையாவது மிரட்டிக் காலி பண்ண ஆள் அனுப்புகிறவன். அவனுக்குப் பிறந்தநாள் வந்தது. ஊர் வழக்கப்படி பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் வைத்தார்கள். மேலே அவன், கீழே வரிசையாக அவன் ஆட்கள். நடுவில் கூலிங்கிளாஸோடு சின்னராஜ். பேருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் 'பிரபல'.

சேதி கேட்ட சவுரியப்பன் கொடுவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். வெறி பிடித்தவர் மாதிரிதான் ஓடினார். பிளக்ஸுக்குக் கீழே புது வெள்ளைச் சட்டையில் மகன் நின்றிருந்தான்.

"கிழிக்காதப்பா."

"டேய், இந்த ஒரு வார்த்தையை அழிக்கத்தானேடா நான் அரூர் வரைக்கும் அலைஞ்சேன்!"

"பேப்பர்காரன் போட்டான், இருந்த வேலை போச்சு. இவரு போட்டாரு, வேலை குடுத்தாரு. நான் வேற எங்கப்பா போறது?"

சவுரியப்பன் பிளக்ஸை நோக்கிக் கொடுவாளை ஓங்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "டேய், சின்னராஜ் அண்ணன்டா!" என்று ஒருவன் கத்தினான். சின்னராஜ் அவர்களுக்குக் கையசைத்துச் சிரித்தான்.

தேர்த்திருவிழாவுக்கு அப்புறம் மகன் சிரித்து சவுரியப்பன் பார்ப்பது அன்றைக்குத்தான். ஓங்கின கை தானாக இறங்கியது.