ஃப்ரீசருக்குள் துப்பாக்கி

மான் வேட்டை திங்கட்கிழமை தொடங்குகிறது. சனிக்கிழமை காலையில் என் துப்பாக்கியோ, இரும்பும் மரமும் ஒட்டிப்போய், பிரிக்க முடியாமல் மேஜையில் கிடக்கிறது. ஒட்டி வைத்தவர் என் வீட்டுக்காரர் ஹோபர்ட். மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து, வேட்டையின் முதல் நாளை ஒருமுறைகூடத் தவறவிடாதவள் நான். வயிறு எரியுமா எரியாதா?

கோடையில் துப்பாக்கி வண்டியிலிருந்து விழுந்து, தோளில் பதியும் அதன் மரக்கட்டை பிளந்துவிட்டது. புதுக் கட்டை போட முந்நூறு டாலர் ஆகும் என்றான் துப்பாக்கிக் கடைக்கார ராய்ஸ்.

"முந்நூறா? பாதிக் காசுல நானே செதுக்கிடுவேன்" என்று மார்தட்டினார் இவர். வால்நட் மரத்துண்டிலேயே அந்தப் பாதி போய்விட்டது. அப்புறம் உளிகள், அரங்கள், இறுக்கிப் பிடிக்க ஒரு பிடி, எண்ணெய். ஆயிரத்தைத் தாண்டியதும் நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கற்றுக்கொண்டார். இரும்பில் கரி பூசி மரத்தில் அழுத்துவார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் ஒரு சீவல் சீவுவார். மறுபடி பூசுவார். மாதக்கணக்கில் இதே வேலை, மூஞ்சியெல்லாம் கரி. நடுநடுவே டேப்போடு வந்து, "கையை மடக்கு நெவா" என்று என் முழங்கையிலிருந்து விரல்வரை அளப்பார்.

"ஸ்வெட்டர் பின்னப் போறியா?" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கடைசி வேலை, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பசையால் நிரப்புவது. அதற்கு முன்னால், பசை பிடித்துக்கொள்ளாமல் இருக்க, இரும்புக்கு மெழுகு தடவ வேண்டும்.

"தடவினியா?" என்றேன். தலையைச் சொறிந்தார்.

"ஏன்யா, மூணு மாசமா மயிரிழை மயிரிழையா சீவத் தெரிஞ்சவனுக்கு, மெழுகு தடவத் தெரியலையா? ரம்பத்தை எடு! கட்டையை அறு. பழைய கட்டைக்கு டேப் சுத்திக்கிட்டாவது நான் போறேன்."

"என்னை அறு. கட்டையில கை வைக்காதே" என்று அதைக் கட்டிக்கொண்டார்.

ராய்ஸுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "அடப்பாவி, மெழுகை மறந்துட்டானா? துப்பாக்கி செய்யறவன் ஒருத்தன் பாக்கியில்லாம இதைச் செஞ்சிருக்கோம்! ஃப்ரீசர்ல வை நெவா. குளிர்ல இரும்பு சுருங்கும், பசை விட்டாலும் விடும்."

ஃப்ரீசரில் ஏது இடம்? வான்கோழியைக் கீழே இறக்கினேன். போன வருஷத்து மான்கறியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். வாங்க வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நவம்பர் குளிரில், பல் கிடுகிடுக்க, ஆளுக்கொரு கரண்டியோடு ஐஸ்கிரீம் வாளிகளையும் காலி செய்தோம். என் கோபம் எந்த வாளியோடு போனதோ தெரியவில்லை.

ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் கிடந்த துப்பாக்கியை ஞாயிறு காலை வெளியே எடுத்து, ஹோபர்ட் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியைக் கையில் எடுத்தார். ஒரு தட்டு. ஒன்றுமில்லை. இன்னொரு தட்டு. 'டொக்'கென்று இரும்பு தனியாக வந்தது! என்னைத் தூக்கிச் சுற்றினார். "இறக்குய்யா, இடுப்பு போயிடும்!" என்று கத்தினேன். சந்தோஷம் தாங்கவில்லை.

மறுபடி பூட்டி, கொல்லை மேட்டில் காகிதம் கட்டிச் சுட்டுப் பார்க்கப் போனோம். எனக்குக் குட்டைக் கை. கடையில் வாங்கும் கட்டை எப்போதும் நீளம். எட்டி எட்டிப் பிடித்து, வருஷா வருஷம் தோள் நீலமாகக் கன்றிப்போகும். அன்று துப்பாக்கியைத் தூக்கியதும் அது தானாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்கு நேரே குறி நின்றது. மூன்று குண்டு சுட்டேன். மூன்று ஓட்டையையும் ஒரு காசால் மூடிவிடலாம்.

"இதுக்குத்தான் அளந்தியா?"

"அறுத்திருந்தா திங்கட்கிழமைக்குள்ள இன்னொண்ணு எப்படிச் செதுக்குவேன்?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்த கொஞ்ச நேரத்தில் எட்டுக் கிளைக் கொம்போடு மான் ஒன்று என் குண்டுக்கு விழுந்தது. அதைப் பார்க்க வந்த ராய்ஸ், "என்கிட்ட கட்டை போட்டிருந்தா முந்நூறுல முடிஞ்சிருக்கும் நெவா" என்று சீண்டினான்.

"முடிஞ்சிருக்கும்" என்றேன். "என் கை எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியுமாடா?"